மெடிக்கலுக்கு முந்தைய மூன்று நாட்கள்

சதீஷ்,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வியட்நாம் ஷூ கம்பெனி வேலை உறுதியாகிவிட்டது, மூன்று வாரத்தில் மெடிக்கல், போன மாதம் நீ வேலை பார்க்கிற ராணிப்பேட்டை பேக்டரி முகாமில் பிரஷர் நூற்று அறுபத்து நாலுக்கு நூற்று ஆறு காட்டியது. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நீங்க மெடிக்கலுக்கு முன்னாடி இன்னாவோ பண்ணுவீங்களேப்பா, அத மட்டும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாய். பிரியாணிக்கு மசாலா அளவு கேட்கிறவன் மாதிரி கேட்டாய். போனில் பதில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன். காகிதத்தில் அது நடக்காது. தோல் பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் தோலைப் பார்த்துக் குறை எழுதிக் கொடுத்தவன் நான். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

நீ கேட்டது போல ஒரு வித்தை இருந்தது உண்மைதான். ஒன்பது வருஷம் அதை வைத்து ஓட்டினேன். மெடிக்கல் நெருங்கினால் வீட்டில் ஊறுகாய் ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விடும், கருவாடு வராது, நான் சத்தம் போடாமல் சாமியார் போல உட்கார்ந்திருப்பேன். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். "அப்பாவுக்கு எக்ஸாம் வந்துடுச்சு" என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புதான் உன் மனதில் நின்றிருக்கிறது போலும். அந்த எக்ஸாமின் ரிசல்ட் என்ன ஆனது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

எனக்கு நாற்பத்து நாலு வயதில் பேக்டரி முகாமில் முதல் முறையாக பிரஷர் பார்த்தார்கள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. அந்த டாக்டரம்மா இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு, தலைவலி உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும், தன்னைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நான்கு விஷயம் சொன்னார். நான் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதுவும் ஒரு மாதம். பிறகு பார்த்தால் பிரஷர் சரியாக இருந்தது. அதுதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று நிறுத்திவிட்டேன். மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிற குடும்பம் நம்முடையது. வலித்தால் வியாதி, வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை, இதுதான் நம் வீட்டு வைத்தியம்.

அடுத்த வருஷம் முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பேச்சு கிளம்பியது. பிரஷர் ஜாஸ்தியாக இருப்பவர்களை செலக்‌ஷன் டேபிளிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்களாம். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் யாரையும் கேட்கவும் இல்லை. செலக்‌ஷன் டேபிள் என்னவென்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் ஏன் படிக்கப்போகிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பதப்படுத்தி முடித்த தோலைப் பெரிய மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிக்கிற இடம் அது. அங்கே நிற்கிறவன் சொன்னதுதான் சொல். முதலாளியே வந்தாலும் "இது எப்படி இருக்கு?" என்று நம்மைத்தான் கேட்பார். அந்த இடத்தை விட்டு அட்டைப் பெட்டி ஒட்டப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர், பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டரை அனுப்பும்போதெல்லாம் எங்கள் ஹாலை நான்தான் தயார் செய்வேன். மூன்று நாள் முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு, புது மருந்து. தீயணைப்பு உருளையைத் துடைத்து, தேதிச் சீட்டை மாற்றி மாட்டுவோம். எல்லோருக்கும் கையுறை, மூக்குக்கு மாஸ்க். ஆடிட்டர் வந்து பார்த்து, டிக் போட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் கையுறையையெல்லாம் கழற்றி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். அடுத்த ஆடிட்டுக்குப் புதிதாக இருக்க வேண்டுமே. கெமிக்கலில் கை வைக்கிறவன் மறுபடி வெறுங்கையோடு நிற்பான். இதில் எனக்கு நல்ல பெயர். "இவர்கிட்ட விட்டா ஆடிட் பாஸ்" என்பார்கள்.

அப்படிப் பழகின புத்தி, என் உடம்பையும் அந்தக் கணக்கிலேயே தயார் செய்தது. மெடிக்கலுக்கு மூன்று நாள் முன்னால், நிறுத்தி வைத்திருந்த மாத்திரையை எடுத்து விழுங்குவேன். உப்பு, ஊறுகாய், அப்பளம் கிடையாது. அன்று காலையில் மட்டும் சிகரெட் இல்லை. வரிசையில் கடைசியில் போய் நின்று, ஏசி அறையில் நாற்காலியில் சாய்ந்து மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருப்பேன். நர்ஸ் பட்டையைக் கட்டி அழுத்தும்போது நூற்று முப்பத்தாறு, நூற்று முப்பத்தெட்டு என்று வரும். அட்டையில் டிக் விழும். அன்று மத்தியானமே டீக்கடையில் இரண்டு சமோசா, ஒரு சிகரெட். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, கத்திரிக்காய், இரண்டாவது தட்டு. மாத்திரைப் பட்டை மறுபடி பீரோவுக்குள் போய்விடும், கையுறை போனது போலவே. நீ கேட்ட வித்தை இதுதான், மொத்தமும் எழுதிவிட்டேன். இதில் எந்த இடத்திலும் என் பிரஷர் குறையவில்லை என்பதை மட்டும் கவனி. மூன்று நாள் ஒளிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

சிரிப்பாக இருக்கும் உனக்கு, இத்தனை வருஷமும் நான் ரத்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுத் தோலில் சில நேரம் ரத்தக் குழாய் ஓடிய தடம் கிளை கிளையாகத் தெரியும். அதற்கு என்ன சாயம் கொடுத்தாலும், எத்தனை பாலிஷ் போட்டாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தோலை நான் எடுத்து ஓரமாகப் போடுவேன், யார் கெஞ்சினாலும் முதல் தரத்தில் சேர்க்க மாட்டேன். அவ்வளவு கறார். செத்துப்போன மாட்டின் குழாயைப் பற்றி அத்தனை அக்கறை எடுத்தவன், உயிரோடு இருக்கிற தன் குழாயைப் பற்றி ஒரு நாள் யோசித்ததில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. கலீல் மாமாவை உனக்குத் தெரியும். அந்த மேஜையில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவன் அவன். நான் ஒரு ஓரத்தைப் பிடித்தால் அவன் மறு ஓரத்தைப் பிடிப்பான். இருபது வருஷம் அப்படி நின்றோம். நம் வீட்டுப் பொங்கலும் அவன் வீட்டு ரம்ஜானும் இரண்டு வீட்டுக்கும் பொது. உனக்கு நிச்சயமானபோது முதலில் ஸ்வீட் வாங்கி வந்தவன் அவன்தான். அவனுக்குப் பக்கவாதம் வந்ததும், வலது கை போனதும், பேச்சு குழறியதும் உனக்குத் தெரியும். டென்ஷன், வெயில், நேரம் சரியில்லை என்று அப்போது எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவனுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பது உனக்குத் தெரியாது.

அவனுக்கு ஒரு முகாமில் நூற்று எண்பது காட்டியது. பயந்துவிட்டான். மறுமுறை பார்க்க ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். "இன்னாபா பண்றது, பேக்கிங்ல போட்டுடுவானுங்களா?" என்று கேட்டான். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தோளில் தட்டிக்கொடுத்தேன். டாக்டரிடம் போய் மாத்திரை எழுதி வாங்கச் சொன்னேன். மூன்று நாள் கணக்கைச் சொன்னேன். பாஸாகிவிட்டான். அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான், நான் அதைப் பெருமையோடு குடித்தேன். நான்கு வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பாஸானோம். நான்காவது முறை பாஸான மூன்றாவது வாரம், ஒரு காலை நேரத்தில், டீக்கு முன்னால், அவன் பிடித்திருந்த ஓரம் நழுவித் தரையில் விழுந்தது. தோலைக் கீழே விடுகிறவன் இல்லை அவன். குனிந்து எடுக்கப் பார்த்தான், கை சொன்னபடி கேட்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "லைட்டு கம்மியா கீதாபா?" என்றான். லைட் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததைப் பார்த்தேன்.

அப்போது உடனே வண்டியைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பித்தம், வெயில் என்று சொல்லி அவனை பெஞ்சில் படுக்கவைத்து, ஃபேனைப் போட்டு, மோர் வாங்கிவரச் சொன்னேன். அதில் உப்பு வேறு போட்டேன். மோர் அவன் கடைவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது. கொஞ்ச நேரம் தூங்கட்டும், சரியாகிவிடும் என்றேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பிறகு சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்டுத்தான் வேலூருக்குக் கொண்டுபோனோம். ரோட்டில் வேறு நேரம் போனது. மூளைக்குப் போகிற குழாயில் அடைப்பு, இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுக் கரைக்கப் பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மோரும் கூடாது, ஃபேனும் கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தாலும் அப்படித்தான், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்த இன்னொன்றைத்தான் இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. பிரஷர் இருநூறைத் தாண்டி இருந்தது. எத்தனை வருஷமாக பிரஷர் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். கலீலின் மனைவி பர்ஸிலிருந்து கம்பெனி மெடிக்கல் அட்டையை எடுத்து நீட்டினாள். "பிரஷரே இல்ல சார், போன மாசம்தான் பார்த்தாங்க, எல்லாம் நார்மல்" என்றாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அட்டை பொய், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பண்ணின பொய் என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கு உண்மை தெரிந்திருக்கும், அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அவன் படுத்திருக்கும்போதும் என் நினைப்பு என் டேபிளின் மேல்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் என் உடம்பைக் காட்டப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். ஒன்பது வருஷக் கதையையும் கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. ஸ்கேன் எடுத்தார். இதயத்தின் சுவர் தடித்துப்போயிருக்கிறது, ஒன்பது வருஷம் பாரம் தூக்கியதால் வந்தது என்றார். போனது முழுதாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த எட்டு வருஷமாக நீ பார்த்துக்கொண்டிருக்கிற வாழ்க்கை. மாத்திரை காலையில் பல் துலக்குவது போல, யோசிக்காமல். உப்பைக் குறைத்தபோது முதல் மாதம் உன் அம்மா சமையல் எனக்கு வைக்கோல் போல இருந்தது. நாக்கு இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது ஹோட்டல் சாம்பார்தான் கரிக்கிறது. சிகரெட்டை விட்டது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மூன்று தடவை விட்டு மூன்று தடவை பிடித்தேன், ஒரு தடவை பாத்ரூமில் ஒளிந்துகூடப் பிடித்தேன், ஐம்பத்து நாலு வயதில். நான்காவது தடவைதான் விட முடிந்தது. பிரியாணியை நான் விடவில்லை. ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை விடு என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு முறை, ஒரு தட்டு, மறு சோறு கிடையாது. சாயங்காலம் கலீல் வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து திரும்புவேன். அவன் வேகத்துக்கு நடப்பதால் முதலில் அவனை வீட்டில் விட்டுவிட்டு, பிறகு எனக்கென்று தனியாக அரை மணி நேரம் வேகமாக நடப்பேன். இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆடிட்டர் வராத நாளிலும் கையுறை போட்டுக்கொள்வது, அவ்வளவுதான்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. ஐம்பத்து இரண்டு வயதில் வாலாஜாபேட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து போய்விட்டார். "கொடுத்து வெச்ச மனுஷன், கஷ்டப்படாம போய்ட்டாரு" என்று இன்றும் நம் வீட்டில் பேசுவார்கள். அவருக்கு யாரும் ஒரு தடவைகூட பிரஷர் பார்த்ததில்லை. எனக்குப் பார்த்தார்கள், நான் ஏமாற்றினேன். உனக்கு முப்பத்து நாலு வயதில் தெரிந்துவிட்டது, என்னைவிடப் பத்து வருஷம் முன்னால். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நம் மூன்று பேரில் அதிர்ஷ்டக்காரன் நீதான் என்று நினைக்கிறேன், நீயாக அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால்.

ஒரு நாள் சமாளித்தால் போதும், அங்கே போய் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். எப்படிச் சாப்பிடுவாய்? பிரஷர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவன் அங்கே எந்த டாக்டரிடம் போய் மாத்திரை கேட்பான்? பெட்டியில் ஒளித்து எடுத்துப் போவாய். ஒரு நாள் தீர்ந்துவிடும். குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பாய், கேன்டீன் சாப்பாடு, லைன் டார்கெட், ராத்திரி ஷிப்ட். உன் வாய் கோணினால், மொழி தெரியாத டாக்டரிடம் உன் கம்பெனிக்காரன் அந்த அட்டையைத்தான் எடுத்து நீட்டுவான். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வைத்திருக்கிறவனை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்களா? நீ கேட்டாயா? நான் பேக்கிங் விஷயத்தில் கேட்காமலே பயந்தேன். நீ கேட்டுவிட்டுப் பயப்படு. மூன்று வாரம் இருக்கிறது. இப்போதே ஆரம்பித்தால் மறைக்காமலே ஓரளவு சரியான நம்பரோடு போகலாம். முடியாது என்றால் வேலை போகட்டும். உனக்கு அந்த வேலை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். கவிதாவிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்று உன் அம்மா சொன்னாள். நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. பொய் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தவன் நான். அந்த இடத்தில் என் மருமகளை நிற்கவைக்காதே.

நீ போன் செய்த மறுநாள் கலீல் வீட்டுக்குப் போனேன். எட்டு வருஷம் தினமும் பக்கத்தில் நடந்தும் சொல்லாததை அன்று சொன்னேன். அந்த வித்தையை நான் சொல்லிக்கொடுத்ததால்தான் உனக்கு இப்படி ஆனது என்றேன். அவன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவன் பேசக் கொஞ்சம் நேரமாகும், காத்திருக்க வேண்டும்.

"எட்டு வருஷமா மழை வந்தாகூட தப்பாம வந்து கூட்டிக்கினு போறியே, இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு, "நீ சொன்ன, நான் செஞ்சேன். ரெண்டு பேருமே சின்னப் பசங்க இல்லபா" என்றான்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. அவன் விடவில்லை.

"அந்த டாக்டர் கேட்டப்ப நீ பேசாம நின்ன பாரு, அதுதான் எனக்கு இன்னும் பேஜாரா கீது. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். எனக்கு வாய்தான் வரல."

நான் அழுதேன் சதீஷ். அறுபத்தொரு வயதில், அவன் வீட்டுக் கூடத்தில், அவன் மனைவி டீயோடு வந்து நின்றபோது. அவளிடமும் சொன்னேன். அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் கலீல் நடக்க வரவில்லை. மறுநாள் நான் தயங்கித் தயங்கித்தான் போனேன், செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். பாதி தூரம் போனதும் நீ கேட்டதை அவனிடம் சொன்னேன். ரோட்டிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா சொன்ன அவன்கிட்ட?"

ஒன்றும் சொல்லவில்லை, லெட்டர் எழுதப்போகிறேன் என்றேன். "அவனுக்கு மட்டும் எழுதாதே. அவன் லைன்ல எத்தினி பேரு இதையே பண்றானோ, எல்லாருக்கும் படிக்கக் குடுக்கச் சொல்லு. என் பேரையும் போடு" என்றான். அவன் சொன்னபடி போட்டிருக்கிறேன். மற்றவர்கள் படிப்பதற்குக் காரணம் இதுதான். கொஞ்ச தூரம் போனதும், "லெட்டர படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவான் அவன். நானும் வர்றேன்" என்றான். பக்கவாதம் வந்த பிறகு ஆம்பூரைத் தாண்டிப் போகாதவன்.

இது உனக்குத் திங்கள்கிழமை கொரியரில் கிடைத்துவிடும். அந்த வாரம் சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாங்கள் இரண்டு பேரும் சத்துவாச்சாரியில் உன் வீட்டு வாசலில் இருப்போம். எட்டு மணிக்கு டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு இரு, ரத்தம் எடுக்க வேண்டும். கலீலால் உன் இரண்டு மாடி ஏற முடியாது. நீதான் கீழே இறங்கி வர வேண்டும்.

அப்பா